எள் அரைத்தவன்

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எனக்காக எதுவும் வரவழைக்க வேண்டாம். டிவி நாடகங்களில் இந்த மாதிரி அறையில் உட்காருகிறவனுக்கு முன்னால் போலீஸ்காரர் கட்லெட் வைத்த சோற்றுக் கிண்ணம் ஒன்றை நகர்த்துவார். அவன் இரண்டு வாய் சாப்பிட்டதும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். நிஜத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று வாசலில் இருந்த உங்கள் ஆள் சிரித்தார். நல்லதுதான். நான் அழ வரவில்லை. ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

என் பெயர் ஹிராகா. எடை இயந்திரங்கள் விற்கும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை. மீன் சந்தைத் தராசிலிருந்து ஆஸ்பத்திரியில் ஆளை ஏற்றி நிறுத்தும் தராசுவரை எங்களிடம் உண்டு. நான் விற்கிறவன் இல்லை. தராசு சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து முத்திரை வைக்கிறவன். எங்கள் மேனேஜர் உபுகாதா போன நவம்பரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இறந்துபோனார். இந்த ஸ்டேஷனிலிருந்துதான் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஏற்கெனவே இதய நோயாளி, டாக்டரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார், தகனமும் முடிந்துவிட்டது. அன்று அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவன் நான். அவர்கள் என்னிடம் மரியாதையாகவே பேசினார்கள்.

ஒகாச்சிமாச்சி ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் நீலத் திரை தொங்கும் அந்தப் பன்றிக் கட்லெட் கடை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வியாழக்கிழமை மதியம் நாங்கள் இருவரும் அங்கேதான் சாப்பிடுவோம். கூட்டம் வடிந்த பிறகு போவோம். கடைக்காரப் பெரியவர் உள்ளே எண்ணெய்ச் சட்டியை விட்டு நகராமல் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். அவர் மனைவி தொகியே அம்மா மட்டும்தான் பரிமாறுவார். உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு சின்னக் கல்வம் வரும். உள்ளே வரிவரியாகக் கீறல் போட்ட கல்வம், அதில் கொஞ்சம் வறுத்த எள், ஒரு மரக் குழவி. கட்லெட் பொரிந்து வருவதற்குள் அவரவர் எள்ளை அவரவர் அரைத்து, மேலே கறுப்புச் சாஸை ஊற்றிக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். பசியோடு காத்திருக்கிறவன் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அவன் சமையலறையை எட்டிப் பார்க்க மாட்டான். யாரோ கெட்டிக்காரக் கடைக்காரன் கண்டுபிடித்த வழி.

எங்கள் மேஜையில் இரண்டு கல்வத்தையும் நான்தான் அரைப்பேன். ஒரு குளிர்காலத்தில் உபுகாதா பனியில் வழுக்கி வலது கையில் கட்டுப் போட்டிருந்தார். அப்போது ஆரம்பித்தது. கட்டைப் பிரித்த பிறகும் கல்வத்தை என் பக்கம் தள்ளுவார், நானும் வாங்கிக்கொள்வேன். எள் மாவாகிவிட்டால் அவருக்குப் பிடிக்காது. பாதி உடைந்து பாதி முழுசாக இருக்க வேண்டும். அந்தப் பதம் என் கைக்குத் தெரியும்.

அவரை நான் மதித்தேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. முன்பு நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது நாற்பது தாண்டிய ஆளை எங்கேயும் சேர்த்துக்கொள்ளவில்லை. உபுகாதா என்னை ஒரு நகைக்கடைத் தராசைத் திருத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நடுங்காத கைய்யா இது, நமக்கு வேணும்" என்று சேர்த்துக்கொண்டார். என் மனைவி என்னை விட்டுப் போன வருடம், ஆபீசில் எல்லோரும் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் ஒரு வியாழக்கிழமை என் மேஜைக்கு வந்து, "வாய்யா, சாப்பிடப் போலாம்" என்று கூப்பிட்டார். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்லெட்டைப் பற்றியே பேசினார். அடுத்த வாரமும் கூப்பிட்டார். அப்படியே வழக்கமாகிவிட்டது.

ஆகவே அவர் பேசினால் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். அவர் எடுத்த முடிவு சரியென்று பட்டது, சரியென்றேன். அவர் டை நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றேன். என் தொழிலில் தராசு எதைக் காட்டுகிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். வாயையும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

முந்தின வருட ஆண்டிறுதி விருந்தில் அவர் வேடிக்கைப் பரிசுகள் கொடுத்தார். தாமதமாக வருகிற பையனுக்கு அலாரம் கடிகாரம். கைபேசியைத் தொலைத்துக்கொண்டே இருக்கும் கணக்கர் பெண்ணுக்கு ஒரு முழ நூல். கடைசியாக என் பெயரைச் சொல்லி ஒரு பெட்டியைக் கொடுத்தார். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கல்வமும் குழவியும். நல்ல மண்பாண்டம், மலிவான பொருள் இல்லை.

"எள் அரைக்கறதுல பல வருஷமா நம்ம சாம்பியன்," என்றார். "போட்டிக்கு வர்றதுக்கு ஒருத்தனும் இல்ல."

அந்தச் சொல்லுக்கு உங்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஜால்ரா போடுகிறவன், காக்கா பிடிக்கிறவன், மேலே இருப்பவர் தலையில் ஐஸ் வைக்கிறவன், இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நம் நாட்டில் ஒரே பெயர், எள் அரைக்கிறவன். அறை முழுக்கச் சிரித்தது. "ஒரு சுத்து அரைச்சுக் காட்டுய்யா" என்றார் உபுகாதா. நான் பாயில் உட்கார்ந்து, எள் இல்லாத வெறும் கல்வத்தில் குழவியைச் சுற்றினேன். அவர்கள் தாளம் போட்டுக் கை தட்டினார்கள். வெறும் கல்வத்தில் குழவி உரசினால் பல் கூசும். அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போட்டோவில் இருக்கிறது.

எனக்கு வலித்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கோபம் என்று எழுதாதீர்கள், கோபம் வந்திருந்தால் இரண்டு நாளில் போயிருக்கும். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் நான் அத்தனை வருடம் பேசிய பேச்சுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவரும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார். ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னதற்கு இந்தப் பெயர் என்றால், இனி இந்தப் பெயருக்குரிய வேலையையே செய்துவிட்டுப் போவோம். பெயர் வைத்தவர் அவர். அதற்கேற்ற வேலையை வாங்கிக்கொள்ள வேண்டியவரும் அவர்தான்.

அப்போது இதைத் தாண்டி எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. வசந்த காலத்தில்தான் வழி கிடைத்தது.

ஆற்றங்கரையில் செர்ரிப் பூ உதிர்ந்துகொண்டிருந்த சமயம். தொகியே அம்மா வந்து நின்றதும், "எனக்கு இன்னிக்கு ஹிரே குடும்மா. சின்னதாவே போதும்" என்றார் உபுகாதா. ஹிரே என்பது கொழுப்பே இல்லாத உள் தசை. அவர் எப்போதும் சாப்பிடுவது ரோஸ், ஓரத்தில் விரல் தடிமனுக்குக் கொழுப்பு ஓடும் துண்டு. அந்தக் கொழுப்பு ஓரத்தைக் கடைசி வாய்க்கு என்று ஒதுக்கி வைத்துச் சாப்பிடுகிற மனிதர் ஹிரே கேட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா உள்ளே போனதும் சொன்னார்.

"இதயம் ஊதியிருக்காம்யா. கொழுப்பு வேணாம், உப்பு வேணாம், படி ஏறாதேன்னுட்டான் டாக்டர். ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாங்கறான். தினம் எடை பாக்கணுமாம். ஒரே வாரத்துல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்ல, உடம்புல சேர்ற தண்ணியாம், அன்னிக்கே ஓடி வந்துடணுமாம். ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேணாம். உன்கிட்டதான் சொல்றேன்."

நான் அவருடைய எள்ளை அரைத்துக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை.

"டாக்டருக்கு என்ன வயசு சார்?"

"சின்னப் பையன்தான். உன்னை விடச் சின்னவன்."

"அதான் பாத்தேன். படிச்சதை ஒப்பிக்கறார். உங்க வயசுல இப்படி ஒரு உடம்பை அவர் எங்க பாத்திருக்கப்போறார்? காலைல ஸ்டேஷன் படியில எனக்கு மூச்சு வாங்குது, நீங்க பேசிக்கிட்டே ஏறுறீங்க."

"பேசிக்கிட்டா ஏறினேன்?"

"நான்தானே சார் பின்னாடி வந்தேன்."

தொகியே அம்மா சூப் கொண்டுவந்தார். நான் அவரிடம், "சார் விளையாட்டுக்குச் சொன்னாரும்மா. எப்பவும்போல ரோஸ்தான், பெரிய துண்டா" என்றேன். அந்த அம்மா உபுகாதாவைப் பார்த்தார். உபுகாதா என் கையில் சுற்றிக்கொண்டிருந்த குழவியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இவன் சொன்னா சரிதாம்மா" என்று சிரித்தார். கட்லெட் வந்தது. பெரிய துண்டு, நன்றாகப் பொரிந்திருந்தது. கொழுப்பு ஓரத்தைக் கடைசி வாய்க்கு வைத்துச் சாப்பிட்டார்.

அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பயந்துபோன மனிதனுக்கு நல்ல வார்த்தையைப் போல இறங்குவது வேறெதுவும் இல்லை. நான் வாரா வாரம் சொன்னேன். முகம் பளபளப்பாக இருக்கிறது என்றேன். அது வீக்கம். நடை நிதானமாகிவிட்டது, முதலாளி நடை வந்துவிட்டது என்றேன். அவருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டதும் மாத்திரைப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைப்பார். "இங்கயா சார்? பக்கத்து மேஜையில நம்ம கஸ்டமர் ஆளுங்க இருக்காங்க" என்றேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு கடையில் அவர் பெட்டியை எடுத்து நான் பார்க்கவில்லை.

இதுவரை நான் செய்ததில் உங்கள் சட்டத்துக்கு வேலை இல்லை, தெரியும். சொல்லை வைத்துக்கொண்டு யாரையும் பிடிக்க முடியாது. அடுத்ததைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

உபுகாதா காலையில் வந்ததும் காட்சிக்கூடத்தில் இருக்கும் ஆளேறும் தராசில் நின்று பார்ப்பார். வீட்டில் தராசு இல்லையா என்று கேட்டேன். "நாள் பூரா தராசைக் கட்டிக்கிட்டு அழறேன், வீட்லயுமா?" என்றார். ஆகவே அந்த ஒரு தராசுதான் அவருக்கு. அதன் பின்மூடியைக் கழற்றி, குறைவாகக் காட்டும்படி நான் திருத்திவைத்தேன். ஒரேயடியாகச் செய்யவில்லை. வாசலில் சரக்கு நிறுக்கும் தரைத் தராசு ஒன்று உண்டு, உள்ளே வருகிற யாரும் அதை மிதித்துக்கொண்டுதான் வர வேண்டும். அதன் எண் என் மேஜையில் இருக்கும் திரையில் தெரியும். காலையில் அவர் அதன் மேல் கால் வைக்கும்போது உண்மையான எடையைப் பார்த்துக்கொள்வேன். அது எவ்வளவு ஏறியிருக்கிறதோ, மற்றதில் அவ்வளவு இறக்கிவைப்பேன். என் முத்திரை அந்தத் தராசின் நெற்றியில் இருந்தது.

"அப்படியே நிக்குது பாருய்யா," என்பார் இறங்கும்போது. "கிராம்கூட ஏறல."

"நான்தான் சொன்னேனே சார்," என்பேன்.

கோடையில் அவர் மகள் மிஹோகோ ஆபீசுக்குப் போன் செய்தார். மழலையர் பள்ளி ஆசிரியை, தாய் இறந்த பிறகு அப்பாவோடுதான் இருந்தார். "ஹிராகா சான், அப்பா நான் சொன்னா கேக்கறதில்ல. நீங்க சொன்னா கேக்கறார். வியாழக்கிழமை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். "நான் பக்கத்துலயேதான் இருக்கேன், கவலைப்படாதீங்க" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. செப்டம்பரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். "வேணாம்னு சொல்லிட்டேன்யா, உடம்புதான் நல்லாருக்கே" என்றார் ஒரு வியாழக்கிழமை. நான் அவருக்கு வாழ்த்துச் சொன்னேன். அன்று எள்ளைக் கூடுதலாக அரைத்தேன்.

நவம்பரில் அந்த நாள் குளிர். அவர் ஷூ கயிறு கட்டாமல் வந்தார். கால் வீங்கி, கட்ட முடியாமல் இருந்தது. தெருவில் இரண்டு இடத்தில் நின்று கடைகளை வேடிக்கை பார்ப்பதுபோல மூச்சு வாங்கிக்கொண்டார். நானும் நின்று வேடிக்கை பார்த்தேன். எப்போதும்போல சுவரோரம் உட்கார்ந்தார். ரோஸ் வந்தது. பாதி சாப்பிட்டுவிட்டுக் குச்சிகளை வைத்தார்.

"இங்க அடைக்குதுய்யா," என்று நெஞ்சுக்கு நடுவில் கையை வைத்தார்.

"கடுகு விழுது சார். இன்னிக்குக் காரம் ஜாஸ்தி, எனக்கே ஏறிடுச்சு."

தலையசைத்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மிச்சப் பாதிக்கு எள் போதாது என்று நான் இன்னும் கொஞ்சம் அரைத்துக்கொண்டிருந்தேன்.

"போதும்யா, ஹிராகா," என்றார்.

எள்ளைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். குழவியை வைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தொகியே அம்மா வந்து, "ஐயாவுக்கு என்ன, முடியலையா?" என்று கேட்டார். "நேத்து ராத்திரி கணக்கு முடிக்கற வேலை, தூக்கம் இல்ல. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கட்டும்மா" என்றேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு சின்னப் போர்வையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார். நான் இன்னொரு தட்டு முட்டைக்கோஸ் கேட்டேன்.

அந்தக் கடையில் சோறும் சூப்பும் முட்டைக்கோஸும் எத்தனை தடவை கேட்டாலும் தருவார்கள், காசு கிடையாது. மயிரிழை மாதிரி நறுக்கி மலையாகக் குவித்துத் தருவார்கள். அள்ளி வாயில் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் நாலு இழை ஐந்து இழையாக எடுத்துச் சாப்பிட்டேன். கைபேசி என் சட்டைப் பையில் இருந்தது. தீயணைப்பு நிலையம் இரண்டு தெரு தள்ளி, ஆம்புலன்ஸ் அங்கேயே நிற்கும். அது எனக்குத் தெரியும், அந்த நிலையத்தின் தராசுக்கு முத்திரை வைத்ததே நான்தான்.

இடையில் அவர் ஒரு தடவை கண் திறந்தார். என்னைப் பார்த்தார். கை மேஜைமேல் கொஞ்சம் நகர்ந்து, என் தேநீர்க் கிண்ணத்தை என் பக்கமாகத் தள்ளியது. அதில் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"நல்ல நிறமா இருக்கீங்க சார்," என்றேன்.

முட்டைக்கோஸ் தீர்ந்தது. இன்னும் ஒரு தட்டு கேட்டு வாங்கினேன். அது பாதியில் இருக்கும்போது அவர் கை மேஜையிலிருந்து வழுக்கி மடிமேல் விழுந்தது. மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தேன், பிறகுதான் தொகியே அம்மாவைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அவர்களால் செய்ய ஒன்றும் இல்லை.

இவ்வளவுதான் நடந்தது. இதை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை. எனக்கு அதில் உறுத்தலும் இல்லை. அவர் வைத்த பெயருக்குரிய வேலையை முழுசாகச் செய்து முடித்திருந்தேன். காட்சிக்கூடத் தராசைப் பழையபடி சரியாகத் திருத்திவைத்தேன். ஆபீசில் என்னை இப்போது யாரும் கேலி செய்வதில்லை. கடைசிவரை கூட இருந்தவன் என்று மரியாதைகூட இருக்கிறது.

போன வாரம் மிஹோகோ வந்தார். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்திருந்தது. அப்பா கடைசியாக உட்கார்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். சுவரோரம் அவர் இடத்திலேயே உட்கார்ந்தார். எள் வந்தது. நான் இரண்டையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா இங்க வந்துட்டுப் போற ராத்திரியெல்லாம் உக்காந்துக்கிட்டேதான் தூங்குவார். படுத்தா மூச்சு வராது," என்றார். "போகாதீங்கன்னு சண்டையே போட்டிருக்கேன். 'நான் போகலைன்னா அவன் ரெண்டு கல்வத்தையும் வச்சுக்கிட்டு ஒத்தையா உக்காந்திருப்பாம்மா'ன்னு சொல்வார்."

சாப்பிடுங்கள் என்றேன்.

"அந்தத் தராசு விஷயமும் சொன்னார்," என்றார்.

"எந்தத் தராசு?"

"ஆபீஸ்ல இருக்கறது. ஏப்ரல்லயே வீட்டுக்கு ஒண்ணு நான் வாங்கிப் போட்டுட்டேன், தினம் அதுலயும் ஏறுவார். ஆபீஸ் தராசு ஆறு கிலோ கம்மியா காட்டுது, ஹிராகா வேலைதான்னு சிரிச்சார். அப்புறம் கண்ணு கலங்கிடுச்சு. 'நான் பயந்துடக் கூடாதுன்னு திருத்தி வச்சிருக்கான். வாழ்க்கையில ஒரு தராசைத் தப்பா வச்சதில்ல அவன், எனக்காக வச்சிருக்கான். எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட எப்படிச் சொல்வேன்'னார்."

நான் குழவியை மேஜைமேல் வைத்தேன். அது உருண்டு தரையில் விழுந்தது. ஆபரேஷனைப் பற்றிக் கேட்டேன்.

"அதை டாக்டரே ஆகஸ்ட்ல கைவிட்டுட்டார், உடம்பு தாங்காதுன்னு. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு தானே வேணாம்னு சொன்ன மாதிரி சொல்லிக்கிட்டார். அந்த விருந்துல உங்க முகம் போன விதத்தை அவரால மறக்கவே முடியல, ஹிராகா சான். வாய் விட்டு மன்னிப்புக் கேக்கற பழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. 'நான் சாப்பிட்டா அவன் சந்தோஷமா இருக்கான், அது போதும்'னு சொல்வார்."

பிறகு இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றி, நெற்றி பலகையில் படும்படி குனிந்து எனக்கு நன்றி சொன்னார். கட்லெட்டைத் தொடவே இல்லை. தொகியே அம்மா அதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பெண் சொன்னது ஒன்றும் நடந்திருக்க முடியாது. நீங்களே யோசித்துப் பாருங்கள். வீட்டில் சரியான எடையைப் பார்த்துவிட்டு வந்து, என் தராசில் ஏறி நின்று, கிராம்கூட ஏறவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த மனிதனால் முடியும்? முதல் நாள் ராத்திரி மூச்சுக்குத் தவித்தவர் அடுத்த வாரமும் வந்து ரோஸ் கேட்பாரா? யாருக்காக? எனக்காகவா? அப்படியென்றால் வாரா வாரம் இதமாகப் பேசி ஏமாற்றிக்கொண்டிருந்தது அவர், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தவன் நான் என்று ஆகிறது. அப்பாவை இழந்த பெண், தன் மனசுக்கு ஆறுதலாக ஏதோ கட்டிச் சொல்கிறார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, என்னைப் பார்த்தால் மறுபடி குரலைத் தாழ்த்துகிறார்கள்.

அதனால்தான் வந்தேன். நான் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். ஹிரேயை ரோஸாக மாற்றியது நான். தராசைத் திருத்தியது நான். கைபேசியை வைத்துக்கொண்டு முட்டைக்கோஸ் தின்றது நான். உபுகாதாவைக் கொன்றது நான், அவர் கடைசிவரை எதையும் அறியாமல் என் பேச்சை நம்பி ஏமாந்தார். எத்தனை வருடம் வேண்டுமானாலும் கொடுங்கள், மறுக்க மாட்டேன். மகள் சொன்னதை மட்டும் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம்.

கடைசியில் கண் திறந்து பார்த்தாரே, அது என்ன பார்வை என்கிறீர்களா? என்மேல் சந்தேகம்தான். வேறென்ன இருக்கும்? கிண்ணத்தைத் தள்ளியது கை நடுங்கியதால்.

அவர் ஒவ்வொரு துண்டையும் ருசித்துத்தான் சாப்பிட்டார். இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்த எனக்குத் தெரியாதா?